முடிச்சின் மேல் ஒரு கை

நான் சொல்கிற கதைகளில் பாதி பொய் என்று ரெட்டியார்சத்திரம் டீக்கடைகளில் பேச்சு. ஒத்துக்கொள்கிறேன். இது மற்றப் பாதியைச் சேர்ந்தது. சந்தேகம் இருந்தால் என் மனைவி ராமுத்தாயிடம் கேளுங்கள். என்னைப் பற்றி நல்லதாக ஒரு பொய்கூடச் சொல்லாதவள் அவள்.

1957, ஆவணி. என் ஜாதகத்தில் முதல் தாரம் தங்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்ட வேண்டும். பிறகு அந்த வாழையை வெட்டிச் சாய்க்க வேண்டும். முதல் தாரம் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. அதன்பின் தைரியமாகப் பெண்ணைக் கட்டலாம்.

எங்கள் தோட்டம் நிறைய வாழைதான். ஆனால் குலை தள்ளப் போகிற மரத்தை வெட்ட என் சித்தப்பா வேலுசாமிக்கு மனசு வரவில்லை.

"கன்னிமார் சோலைக்குள்ள ஓடையோரம் ஒத்தை வாழை சும்மாதானப்பு நிக்குது. அதுக்குக் கட்டு."

கட்டினேன். வெட்டுகிற வேலை சித்தப்பாவுடையது. மறுநாள் போய்விட்டு வந்து, "ஆச்சு" என்றார். வைத்த கஞ்சியைக் குடிக்கவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் செம்பட்டி அத்தை மகள் ராமுத்தாயைக் கட்டினேன்.

புது மாப்பிள்ளையும் பெண்ணும் கன்னிமார் சோலையை ஒருமுறை வலம் வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். பாதை மரங்களுக்கு உள்ளேயே வளைந்து வளைந்து போய், கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. என் துண்டையும் அவள் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். ஆண் முன்னால், பெண் பின்னால். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. சுற்றி முடிக்கும் முன் முடிச்சு அவிழ்ந்தால், பெண் வருஷத்துக்குள் பிறந்த வீடு போய்விடுவாள். அப்படிப் போனவர்கள் ஊரில் உண்டு.

மாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம்.

வழியெல்லாம் ராமுத்தாய்க்குக் கதை சொன்னேன். அந்த மருத மரத்தில் முனி இருக்கிறது. இந்தப் பாறை வருஷத்துக்கு ஒரு நெல் அளவு வளர்கிறது. அதோ அந்த உசிலை மரத்து நிழலில் படுத்த உப்பு வண்டிக்காரன் எழுந்து பார்த்தபோது அவனுக்குப் பேரன் பேத்தி இருந்தார்கள். இதில் மூன்றாவது மட்டும் என் சொந்தச் சரக்கு.

"எனக்கு முந்தி யாரையும் மனசுல நெனச்சீகளா மச்சான்?" என்றாள்.

"நெனைக்கிறதென்ன, கட்டவே கட்டினேனே."

முடிச்சு வெடுக்கென்று இழுபட்டது.

"யாரு அவ?"

"நல்ல ஒசரம். மினுமினுன்னு மேனி. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா."

"ஓ... அந்த வாழையா? அம்புட்டுப் பிடிச்சிருந்தா அவளோடயே குடும்பம் நடத்த வேண்டியதுதான?"

"நடத்தியிருப்பேன். சோறாக்கத் தெரியாதே."

பின்னால் சிரிப்புச் சத்தம்.

ராமுத்தாய் சிரித்தால் செம்பட்டி வரை கேட்கும். இது அப்படி இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் நிற்பது மாதிரி... ஒரு சிரிப்பு.

ஓடையோரம் வந்தோம். வாழை இல்லை. சித்தப்பா வெட்டிவிட்டார், நல்லது. அடிக்கட்டை இருக்குமே என்று தேடினேன்.

அதுவும் இல்லை.

வெளிச்சம் மங்கியது. ராமுத்தாயின் மெட்டி கல்லில் பட்டுக் கேட்டது. கிண்... கிண்... அதற்கு முன்னால், என் முதுகுக்கு வெகு அருகில், இன்னொரு சத்தம்.

சளப்... சளப்...

என் குதிகாலில் சில்லென்று ஒரு சொட்டு.

பச்சை வாழைத்தண்டு நறுக்கிய வாசனை.

"மச்சான்." அவள் குரல் இறங்கியிருந்தது.

"என்ன?"

"நமக்கு நடுவுல நடக்குறாளே... யாரு?"

நான் திரும்பவில்லை. வழக்கத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படி இருக்கா?"

"பச்சைச் சேலை. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கா. கழுத்துல மஞ்சக் கயிறு."

"மூஞ்சி?"

"தெரியல. உங்களையேதான் பாத்துக்கிட்டு வாரா."

சளப்... சளப்...

"மச்சான், முடிச்சுல கை வைக்கிறா."

துண்டு கனத்தது.

"அவுக்குறா... அவுக்குறா மச்சான்!"

நடந்தேன்.

பிறகு ராமுத்தாயின் குரல். பயந்த குரல் இல்லை.

"எடுடி கைய!"

சொத்.

ஈர மட்டையில் அறை விழுந்த சத்தம்.

அப்புறம் மெட்டிச் சத்தம் மட்டும். ஓடி வந்தாள். முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, எனக்கு முன்னால் போய், என்னை மாட்டைப் போல இழுத்துக்கொண்டே சோலையை விட்டு வெளியே வந்தாள்.

சோலை வாசலிலிருந்த கோயில் விளக்கில் பார்த்தோம். முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. என் வெள்ளைத் துண்டில் வாழைக்கறை. ஐந்து விரல்.

வீட்டுக்கு வந்ததும் ராமுத்தாய் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன மாமா, அந்த வாழைய வெட்டினீகளா, இல்லையா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அருவாளோடதான்த்தா போனேன். அங்க வாழை இல்ல. வாழை நின்ன எடத்துல குழிதான் இருந்துச்சு. குழியிலேருந்து ஈரக் கால் தடம்... பொம்பளைக் காலு. வெளிய போயிருந்துச்சு."

"எங்க?"

"நம்ம வீட்டுப் பக்கம்."

சித்தப்பாவே ஒரு வழியும் சொன்னார்.

"பயப்படாதத்தா. ரெண்டாந்தாரமா வந்தவ, செத்துப்போன மூத்தாளுக்குச் சேலை வச்சுக் கும்பிடுறது உண்டுல்ல? அதைச் செஞ்சா அடங்கிருவா."

"அது செத்துப்போன மூத்தாளுக்குத்தான மாமா?" என்றாள் ராமுத்தாய். "இங்க யாரு செத்தா?"

அன்றிரவு அவள்தான் பாய் விரித்தாள். என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் படுத்துக்கொண்டாள்.

நடுவில் என்றுதான் சொன்னேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.