சுமை, கொக்கி, ஆள், வழி

என் அக்காவின் கணவரை இரும்புக் கிடங்கில் எல்லோரும் 'வாய்ப்பாடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் என்று ஒன்றுகூட வரப்போவதில்லை.

மாமா கிரேன் ஓட்டுபவர். கூரைக்குக் கீழே இரண்டு தண்டவாளங்களில் ஊர்ந்துபோகும் கிரேன் அது. அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் குழாய்க் கட்டுகளைத் தூக்கி இறக்கினார். நான் கீழே நின்று கைகாட்டுபவன். சுமையின் மறுபக்கம் மேலே இருப்பவருக்குத் தெரியாது. அங்கே சங்கிலி மாட்டுபவரின் தலை தெரியும், கை தெரியாது. அதனால்தான் எனக்குச் சம்பளம். கையை உயர்த்திச் சுழற்றினால் தூக்கு, தாழ்த்திச் சுழற்றினால் இறக்கு. அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது.

ஏழு வருஷத்துக்கு முன்பு வரை மாமாவும் நம்மைப் போலத்தான். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் கூண்டில் போனை நோண்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் ஏதோ வீடியோவிலிருந்து தலையை நிமிர்த்தியபோது கொக்கியில் ஒரு கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டிருந்தாரா, இறக்கிக்கொண்டிருந்தாரா என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. நாலைந்து நொடி இருக்கும். ஞாபகம் வந்தது, இறக்கினார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ஏணியில் இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏதாவது நடந்திருந்தா?" என்றார்.

"அதான் நடக்கலையே மாமா" என்றேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலையில் வந்ததும் போனை அணைத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். அக்காவுக்கு அவசரமென்றால் வாட்ச்மேன் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். ஏணியின் முப்பத்திரண்டு படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவார். எண்ணிக்கை தப்பினால் இறங்கி வந்து மறுபடி ஏறுவார். "எண்ணிக்கை தப்புதுன்னா மனசு இன்னும் மேல வரலைன்னு அர்த்தம்" என்பார். கூண்டுக் கண்ணாடியை, அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈரத்துணியால் துடைப்பார். மணிக்கொரு தரம் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, எதிர்ச் சுவரின் கடைசி மூலையை ஒரு நிமிஷம் பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு தூக்குக்கும் முன்னால் விரலை நீட்டி, வாய்விட்டு நாலு சொல்: சுமை, கொக்கி, ஆள், வழி. ஒரு நாளைக்கு எண்பது தூக்கு என்றால் எண்பது தரம். கீழேயிருந்து பார்த்தால் வாத்தியாருக்குப் பயந்து ஒப்பிக்கிறவர் மாதிரி இருக்கும். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். பெயர் ஒட்டிக்கொண்டது.

என்னிடமும் கேட்டுப் பார்த்தார். "மச்சான், நீ நாலையும் சொல்ல வேணாம். போனை மட்டும் குடுத்துட்டு வா." மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் சட்டைப்பை காலியாக இருப்பதே பல் விழுந்த இடம் போல உறுத்தியது. திரும்ப வாங்கிக்கொண்டேன். மாமா அதைப் பார்த்தார்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. சங்கிலிக்காரர் குழாய்க் கட்டின் மறுபக்கம் குனிந்து, முறுக்கிக்கொண்ட சங்கிலியை நேராக்கிக்கொண்டிருந்தார். கை குழாய்க்கும் சங்கிலிக்கும் நடுவில். எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது பையில் போன் அதிர்ந்தது. பழைய நண்பன் ஒருவன் வீடியோ அனுப்பியிருந்தான். தகரக் கூரைக்குள் சிக்னல் கிடைக்காது, படம் நின்று நின்று சுற்றியது. நான் போனைத் தலைக்கு மேல் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினேன். எல்லோரும் செய்வதுதான்.

மேலேயிருந்து மாமா பார்த்தது உயர்ந்து சுழன்ற ஒரு கை. சுமை, கொக்கி, ஆள், வழி. நாலையும் சொல்லியிருப்பார். சங்கிலி இறுகியது. சங்கிலிக்காரருக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாமாவையும் என்னையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். சங்கிலிக்காரர் குனிந்திருந்தவர், யாரையும் பார்க்கவில்லை. அந்த மூலையில் கேமரா இல்லை. என்னைக் கேட்டார்கள், தூக்கச் சொல்லிக் கை காட்டினீர்களா என்று. "இல்ல சார்." அது உண்மை, நான் காட்டவில்லை. போன் கையில் இருந்ததா? "இல்ல சார், பையில இருந்துச்சு." அதற்கு முந்தின இரவே அந்த வீடியோவையும் நண்பனுடைய நம்பரையும் அழித்திருந்தேன். எனக்கு வேலை போய்விடும், ஜெயில் என்றுகூடப் பயம். காரணம் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது.

மாமாவைக் கேட்டார்கள். "கை சுத்துச்சு, பார்த்தேன்" என்றார். கூரையில் பதித்த கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் கூசியதில் கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை, கை சுற்றியது மட்டும் நிச்சயம் என்றார்.

அவர்கள் கோப்பைப் புரட்டினார்கள். "மேல உக்காந்து தனியாப் பேசிப்பீங்களாமே?"

"தனியா இல்ல சார். கவனம் சிதறக்கூடாதுன்னு."

"விரலை நீட்டி யாருக்குக் காட்டுவீங்க?"

"எனக்குத்தான் சார்."

மூவரில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். படி எண்ணுவது, இறங்கி மறுபடி ஏறுவது, துடைத்த கண்ணாடியையே துடைப்பது என்று வரிசையாக வந்தது. 'வாய்ப்பாடு' என்ற பெயர்கூட அவர்கள் கோப்பில் இருந்தது. ஏழு வருஷம் ஒருவர் தலைமேலும் ஒரு துரும்பு விழாமல் காத்த பழக்கங்களை, அந்த அறையில் நோய் மாதிரி எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரை வைத்த நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமாவை டாக்டரிடம் அனுப்பினார்கள். கிரேன் ஓட்டும் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வேலை போனதை மாமா தாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தன் கண்ணை அவர் நம்புவதை நிறுத்திவிட்டார். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று அக்காவைக் கேட்பார். சாலையைக் கடக்க ஒரு மணி நேரம் ஓரத்தில் நிற்பார். வண்டி வரவில்லை என்று கண் சொல்லும், அவர் அடி எடுத்து வைக்க மாட்டார். யாராவது கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும்.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "நீ கீழ நின்னவன். என்ன நடந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு. வேலை வேணாம், எதுவும் வேணாம். அந்த மனுஷனுக்கு அவர் கண்ணைத் திருப்பிக் குடுடா" என்றாள். அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் அதிர்ந்தது, தூக்கிப் பிடித்தது, திருப்பியது, அழித்தது, பொய் சொன்னது. "கை சுத்துச்சு மாமா. நீங்க பார்த்தது சரி. தப்பு முழுக்க என்னோடது." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவர் என் தலையில் கை வைத்தார்.

"அக்கா அனுப்பினாளா?"

"இல்ல மாமா. ஆமா, அனுப்பினா. ஆனா சொல்றது நெஜம்."

"எனக்கு மனசு ஆறணும்னு பழியை உன் தலைல போட்டுக்கிறே. நல்ல மனசுடா உனக்கு."

"மாமா, சத்தியமா..."

"விடு மச்சான். உனக்குப் பொய் சொல்ல வராது. அன்னைக்கு விசாரணை ரூம்ல நீ 'இல்ல சார்'னு சொன்னப்போ உன் முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, தப்பு என் கண்ணு மேலன்னு."