வெடிக்காத டயர்

செய்தி வந்தபோது பிற்பகல் ஒன்று ஐம்பது. மொன்ட்ரியால்-நோரில் ஜொய்சி வேலை செய்யும் கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பன்னிரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூங்கவைக்க அவளுக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்திருந்தது. மேற்பார்வைக்காரி வாசலில் நின்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். ஜொய்சியும் கிசுகிசுப்பாக "எப்ப?" என்று தமிழிலேயே கேட்டாள். குழந்தைகள் எழும்பிவிடுவார்கள் என்று அழவில்லை. பிறகு அழலாம் என்று வீட்டுக்கு வந்தால் வீடு நிறையச் சனம்.

அவள் கணவர் எமிலியானுஸ் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர். மத்தியானம் சாப்பாட்டறையில், டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே கதிரையில் சாய்ந்துவிட்டார். ஒரு நிமிடம் ஒருவரும் கவனிக்கவில்லையாம். அவர் டயர்க் கதையை எடுத்தால் எல்லோரும் கைபேசியைப் பார்ப்பது அங்கே வழக்கம்.

"அந்தாள் டயர்க் கதையை முடிக்காமல் விட்டது இதுதான் முதல் தரம்" என்று செத்தவீட்டில் ஜொய்சி சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் மூளை கலங்கிவிட்டதென்று நினைத்து அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தக் கதைகளுக்கெல்லாம் காரணம் ஒரு ஃபிஃப்த் வீல். பிக்கப் வாகனத்தின் பின்பெட்டிக்குள் கழுத்தை வைத்துக்கொண்டு வருகிற முப்பது அடி நீளமான ட்ரெயிலர் வீடு அது. அவர்கள் இருந்த அடுக்குமாடியில் சைக்கிள் விடவே இடமில்லை. ஆகவே இல்-பிசாரில், எமிலியானுசின் தமையன் பத்திநாதரின் வீட்டு முற்றத்தை அது ஆறு வருடமாக அடைத்துக்கொண்டு நின்றது. வருடத்தில் ஒருமுறை, ஓகஸ்ட்டில், ஆற்றங்கரை மாதா கோவில் திருநாளுக்கு அதை இழுத்துப்போய், வருகிற சனத்துக்கெல்லாம் எமிலியானுஸ் தோசை சுட்டுக் கொடுப்பார். அவருக்கு முதுகு பிடித்த இரண்டு கோடையிலும் இழுத்துப்போனவள் ஜொய்சி. அதை இருவருமே வெளியில் சொல்லவில்லை.

இந்த முறை அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவும் திருநாளன்றே வந்தது.

"பிள்ளை, அது ஆம்பிளையள் இழுக்கிற சாமான். ஆள் ஒண்டு கேக்குது, வித்துப்போடுவம்" என்றார் பத்திநாதர்.

"ஒருக்கால் கொண்டுபோய் அவற்ற பேரில தோசை குடுக்கிறன், அத்தான்."

"வழியில டயர் வெடிச்சால்?"

"வெடிச்சால் அண்டைக்கே வித்துப்போடுங்கோ. வெடிக்காட்டி விக்கிற கதையை இனி எடுக்கக்கூடாது."

"ஓம்" என்றார் அவர். பந்தயம் வென்ற முகம்.

போகிற நாள் விடிய, வெயில் ஏறமுன் ஜொய்சி முற்றத்தில் நின்றாள். காற்றளக்கும் கருவியை நான்கு டயரிலும் மேலதிக டயரிலும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் எண்பது, இருக்கவேண்டிய அளவு. டயரின் பக்கத்தில் அது செய்யப்பட்ட கிழமையும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். ட்ரெயிலர் டயர் தேயமுன்னமே வயது போய் வெடிக்கும் என்று எமிலியானுஸ் நூறு தரம் சொல்லியிருக்கிறார். அதையும் பார்த்தாள், மூன்று வயதுதான். ட்ரெயிலரைப் பிக்கப்பில் கொழுவியதும் அதன் பிரேக்கை மட்டும் பிடித்தபடி பிக்கப்பை மெல்ல உன்னிப் பார்த்தாள். பூட்டு பிடித்திருந்தது. அவர் செய்ததையெல்லாம் அவள் கால்வாசி நேரத்தில் செய்துமுடித்தாள், பிரசங்கம் இல்லாததால். பிறகு தோசை மாவு வாளியை எடுக்க உள்ளே போனாள்.

நெடுஞ்சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அழுத்தவில்லை. பக்கத்தில் பத்திநாதர், கையில் செபமாலை.

"பள்ளிக்கூட பஸ்ஸும் எங்களை வெட்டிக்கொண்டு போகுது, பிள்ளை."

"போகட்டும். ஓடிச் சூடேறினால்தான் டயர் வெடிக்கும்."

"சூடெண்டால் கூடாதுதான்" என்றவர், அடுத்த அரை மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

எமிலியானுஸ் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்ப்பார். சிகரெட் பிடிக்கத்தான் இந்த நாடகம் என்று ஜொய்சி நம்பியிருந்தாள். கருவிப் பெட்டிக்குள் சிகரெட் பெட்டி ஒன்றையும் கண்டெடுத்திருந்தாள். இருந்தாலும் எண்பது கிலோமீட்டரில் ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினாள். கார்டெரிப் பிள்ளைகளின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். முதலாவது இளஞ்சூடு. இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் கையை வெடுக்கென்று எடுக்கவேண்டி வந்தது. அளந்து பார்த்தாள். ஐம்பது.

"காலமை எண்பது நிண்டது."

பத்திநாதர் வானத்தைப் பார்த்தார்.

"அத்தான்."

"வெயில் எறிக்கும் எண்டு சொன்னவங்கள், பிள்ளை. ஊரில சைக்கிளை வெயிலுக்க விட்டால் டியூப் வெடிக்கிறேல்லையோ. அதுதான் கொஞ்சம் காத்தைத் திறந்துவிட்டனான்."

"இதுக்கு மட்டுமோ?"

"நாலுக்கும் விடத்தான் இருந்தனான். நீ மாவு வாளியோட வந்திட்டாய்."

ஜொய்சி டயரில் சாய்ந்துகொள்ளப் பார்த்தாள். அது சுட்டது.

"காத்துக் குறைஞ்சால்தான் நசிஞ்சு நசிஞ்சு சூடேறும். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் போயிருக்கும். வெடிச்சால் உங்களுக்குத்தானே வெற்றி?"

"எனக்கென்ன வெற்றி. தம்பியின்ர சாமானெல்லே" என்றார். பிறகு காலால் சரளைக்கல்லைத் தட்டியபடி, "அதை வித்துப்போட்டு முத்தத்தில நான் என்னத்தைப் பாத்துப் பேசிறது?"

காற்றுக் குறைய ஓடிய டயரை நம்பமுடியாது என்று மேலதிக டயரை மாற்றினார்கள். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அறுபத்தேழு வயதில் பத்திநாதரே ஜாக்கியைச் சுற்றினார். இடையில் ஒருமுறை மாதாவையும் ஒருமுறை தம்பியையும் ஏசினார். அதன் பிறகு டயர் வெடிக்கவில்லை.

கோவில் வளவில் இடம் சரிவாக இருந்தது. முதலில் இடம்வலம் சரிபார்க்கவேண்டும், அதுவும் பிக்கப்பைக் கழற்றமுன். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகையில் ஏற்றி, சக்கரங்கள் உருளாமல் அண்டை கொடுத்து, பிக்கப்பைக் கழற்றிய பிறகுதான் ட்ரெயிலரின் முன்கால்களை உயர்த்தி இறக்கி முன்பின் பார்க்கலாம். ஜொய்சி இடப்பக்கம் இரண்டு பலகை வைத்தாள். மட்டக்கோலின் குமிழி நடுவில் நின்றதுபோல் தெரிந்தது. அண்டை கொடுத்து, கழற்றி, பிக்கப்பைத் தூரத்தில் விட்டுவந்து, முன்கால்களையும் சரிசெய்தாள். எமிலியானுஸ் மட்டக்கோலை நம்பாதவர். அவருடைய கடைசிப் பரீட்சை, கல்லில் ஊற்றுகிற முதல் தோசை.

அவள் ஊற்றிய முதல் தோசை மெதுவாக இடப்பக்கம் ஓடி, முட்டை வடிவில் நின்றது. இன்னும் ஒரு அரை அங்குலப் பலகை வேண்டும். அதற்குப் பிக்கப்பைக் கொண்டுவந்து திரும்பக் கொழுவவேண்டும். வெளியே முப்பது பேர் தட்டோடு நின்றார்கள்.

"சரிஞ்சாலும் தோசைதான். ஊத்து பிள்ளை" என்றார் பத்திநாதர்.

"அவர் இருந்தால் திரும்பக் கொழுவிப் பலகை வைச்சிருப்பார்."

"அவன் இருந்தால் நாங்கள் பசியில செத்திருப்பம்."

ஜொய்சி சிரித்தாள். அந்த வளவில் தூங்குகிற குழந்தை ஒன்றும் இல்லை. அகப்பையை வாளிக்குள் வைத்துவிட்டு, சத்தமாகவே அழுதாள். வரிசை பொறுத்து நின்றது. கல்லில் இருந்த தோசை கருகியது. பத்திநாதர் அதைச் சுரண்டி எடுத்துத் தானே தின்றார்.

திருநாளின் மூன்று நாளும் தோசை இடப்பக்கம் நீண்டே வந்தது. அந்த அரை அங்குலப் பலகை இன்னும் பிக்கப்பின் பின்பெட்டியில்தான் கிடக்கிறது.