ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய்

சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றி இடதுபக்க ஆணியில் மாட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள் சூசின் அக்கா. காலையிலிருந்து இது நான்காவது முறை. சாம்பல் கோட்டு மலைப்பக்க அறைக்கு, நீலக் கோட்டு கடல்பக்க அறைக்கு. கையில் ஒட்டிக்கொண்டு போக அந்த அறைகளில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கழுவினால்தான் ஓர் அறை மனத்தை விட்டு இறங்கும் என்பது அவள் கட்சி.

தாவ்யுவான் நகரத்தில் சர்வர் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றின் மூன்றாம் மாடி அது. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பின்னால் இரவு பகலாக உழைக்கிற பெட்டிகள். அவற்றுக்கு உயிரான பிராசசர் சிப்பைச் செய்வதில் இரண்டு பெரிய கம்பெனிகள் கீரியும் பாம்புமாக இருக்கின்றன. ஆனால் சந்தைக்கு வராத புதுச் சிப்பை இரண்டு பேருமே இந்த மாடிக்குத்தான் அனுப்பியாக வேண்டும், பெட்டியில் பொருத்திப் பார்க்க. அவர்கள் பெயரை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவர் மலைப்பக்கம், மற்றவர் கடல்பக்கம். பத்தொன்பது வருடமாக இரண்டு அறைச் சாவியும் ஒரே இடுப்பில் தொங்குகின்றன.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். வலது காது கொஞ்சம் மந்தம். மதியச் சோற்றைத் தனியாகத்தான் சாப்பிடுவாள். கூட்டாளிகளோடு சாப்பிட்டால் பேச வேண்டும், பேசினால் எதையாவது சொல்ல வேண்டும். வாயைப் பிடுங்க வருகிறவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள். "எனக்கென்ன தெரியும்? நான் கரண்ட்டு போடுறவ." வெளியே மழையா என்று கேட்டால்கூட, "இங்க ஜன்னல் இல்லையே" என்பாள். கல்லுளிமங்கி.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இந்த மாடியில் சுவருக்கு வாயும் உண்டு. சிப் சூடானால் பெட்டியின் விசிறிகள் வேகமெடுக்கும். எவ்வளவு சூடோ அவ்வளவு இரைச்சல். அதே வேலையைக் குறைந்த சூட்டில் முடிக்கிற சிப்புக்குத்தான் ஆர்டர். ஆகவே யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. காது பழகிய என்ஜினியர் ஒருவன் எதிராளியின் கதவோரம் ஒரு நிமிடம் நின்றால் போதும், ஜாதகமே கணித்துவிடுவான். அதற்காக அக்கா ஒவ்வோர் அறையிலும் பன்னிரண்டு பழைய பெட்டிகளைச் சும்மா அடுக்கி வைத்திருக்கிறாள். ஒரு பக்கத்து ஆள் மாடியேறினால் மறுபக்கத்து அறையில் பன்னிரண்டையும் முழு வேகத்தில் ஓடவிடுவாள். அந்த ஊளையில் எந்தச் சிப்பின் சத்தமும் எடுபடாது. வலது காது மந்தமானது அப்படித்தான்.

வருகிறவர்களுக்குத் தகர டப்பாவிலிருந்து கடலை மிட்டாய் தருவாள். ஆளுக்கு ஒன்று. கொம்பனாக இருந்தாலும் ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் ஈரத்துக்கு இரண்டு மிட்டாய் ஒட்டிக்கொண்டுவிட்டன. வாங்கியவர் கடல்பக்கத்துத் தலைமை என்ஜினியர். மனிதர் நேரே கீழே போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். "அந்தம்மா எல்லாருக்கும் ஒண்ணுதான் குடுக்கும். எனக்கு ரெண்டு குடுத்துது. பாவம் பாக்குது சார். நமக்குச் சங்குதான்." மறு வாரமே கடல்பக்கம் விலையைக் குறைத்தது. ரகசியம் எப்படிக் கசிந்தது என்று மலைப்பக்கம் வக்கீலோடு வந்து குதித்தது. மூன்று வாரம் விசாரணை. வேலை போகிற நிலைமை. மிட்டாய் ஒட்டிக்கொண்டது என்று அக்கா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மேனேஜர் லியாவ் தானே டப்பாவைக் கவிழ்த்து, ஒட்டிக் கிடந்த மிட்டாய்களைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் முந்திக்கொண்டிருந்தது கடல்பக்கத்துச் சிப்தான். அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு மிட்டாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள்.

அவள் தம்பி யுங்ஃபா கடல்பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அதைத் தன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, ஒழுங்காக நடப்பேன் என்று தன் பெயர் முத்திரையும் குத்தியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் அவனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விளக்குத் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பக் கல்லறையில் புல் வெட்டும்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான்.

"அக்கா, கார் கம்பெனிக்குச் சிப் செய்யறவங்க என்னைக் கூப்பிடறாங்க. புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். சம்பளம் கம்மிதான்."

"போ."

"இங்க நாங்க ஜெயிச்சா நான் எதுக்குப் போகணும்? தோத்தா கோடைக்குள்ள எங்க முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாப்பத்தாறு வயசுல அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

அக்கா அரிவாளை நிறுத்தவில்லை.

"நீ வாயத் திறக்க வேணாம். செவ்வாக்கிழமை நான் வர்றப்ப அந்தப் பன்னெண்டு பெட்டியை மட்டும் ஓட விடாத. மறந்துட்டேன்னு வெச்சுக்கோ."

"நான் என்னிக்கு மறந்திருக்கேன்?"

"அதனாலதான் கேக்கறேன். ஒரே ஒரு தடவை மறந்திடு."

"அப்பா தலமாட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சுடா இது! புல்லை வெட்டு."

அவன் வெட்டினான். அவளுக்கு முடிவு தெரியும். புது ஆர்டருக்காக இரண்டு சிப்பையும் ஓட்டிப் பார்த்த போட்டி முடிந்து பத்து நாளாகியிருந்தது. கடல்பக்கச் சிப் திணறித் திணறி முடித்த வேலையை மலைப்பக்கச் சிப் பாதிச் சூட்டில் ஊதித் தள்ளிவிட்டது. உலகத்தில் இரண்டு சத்தத்தையும் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்குக் கீழேயிருந்து போன் வந்தது. கடல்பக்கத்து ஆள் ஒருவர், பெங் யுங்ஃபா, மேலே வருகிறார். அக்கா சாம்பல் கோட்டோடு மலைப்பக்க அறையில் இருந்தாள். புதுச் சிப் பூனைபோல ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் கிடந்த காகிதம்கூட அசையவில்லை. கை பழைய பெட்டிகளின் சுவிட்சில் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. லிப்ட் திறக்கிற சத்தம். வழக்கமாக அதற்கு முன்பே போட்டுவிடுவாள். செருப்புச் சத்தம் நடைவழியில் வந்தது. பாதி தூரத்தில் மெதுவானது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அவன் கதவோரம் வந்துவிடுவான். காது மந்தமில்லாத தம்பி.

அழுத்தினாள். பன்னிரண்டும் ஒன்றாக ஊளையிட்டன. கதவே அதிர்ந்தது.

கோட்டைக் கழற்றினாள். கையைக் கழுவினாள். அன்று வெகு நேரம் கழுவினாள். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு டப்பாவோடு வெளியே வந்தபோது யுங்ஃபா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றான்.

"போட்டுட்ட," என்றான் இரைச்சலுக்கு மேலே கத்தி.

"போட்டுட்டேன்."

"தெரியும். நீ போட்டிருவேன்னு தெரியும்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சரி விடு. எப்படியும் நாங்கதான் ஜெயிப்போம். நாளைக்கு அந்தக் கார் சிப்காரங்ககிட்ட வரலைன்னு சொல்லிடறேன்."

நடைவழிக் கோடியில் கேமரா இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு மிட்டாயை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். டப்பாவை மூடினாள்.

அவன் திரும்பி இரண்டடி நடந்தான்.

"யுங்ஃபா."

மூடியைத் திறந்தாள். இன்னொரு மிட்டாயை எடுத்தாள். அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முதல் மிட்டாயின் மேல் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.