புகைக்குக் கைதட்டியவர்கள்

லோறன்ஸ் தொண்டர் தீயணைப்புப் படையில் சேர்ந்த செய்தி எசன் நகரத் தமிழருக்குள் பரவியபோது, எல்லோரும் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "சம்பளம் என்ன மாதிரி?" சம்பளம் கிடையாது என்று அவன் சொன்னதும் கேட்டவர்களின் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. மூளை பிசகியவனைப் பார்க்கும்போது நல்ல மனிதர்களுக்கு வருமே, அந்தப் பரிதாபம். மன்னாரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன், ஜெர்மனியில் சும்மா நெருப்புக்குள் போகிறானாம்.

படைக்காரர்களும் அவனை ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை. எசனுக்கு வெளியே ஹோல்ற்பெக் என்ற அந்தச் சின்ன ஊரில், பகல் வேளையில் நெருப்புப் பிடித்தால் அணைக்க ஆளில்லை. இளந்தாரிகள் எல்லோரும் எசனுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சி இருப்பவர்களின் வயிறு, மூச்சுக்கருவியின் பட்டிக்குள் அடங்காது. லோறன்ஸ் பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை செய்துவிட்டு மத்தியானம் வீட்டில் இருப்பவன், மெலிந்தவன், நுரையீரல் நல்லது. படைப் பொறுப்பாளர் ஹெல்முற் வீடு தேடி வந்து கதவைத் தட்டினார். வேறு ஆள் கிடைத்திருந்தால் தட்டியிருக்க மாட்டார் என்பது லோறன்ஸுக்கும் தெரியும்.

ஆனாலும் அவன் ஓம் என்றான். இளமை முழுதும் எரிகிற இடங்களை விட்டு ஓடியவன் அவன். எரிகிற இடத்தை நோக்கி ஒருமுறையாவது ஓடிப்பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

படையில் அவன் பட்டது தனிக்கதை. ஊவே என்று ஒருவன், ஊர் மண்டபத்தின் பராமரிப்பாளன், படையில் லோறன்ஸின் சோடி. புகைக்குள் போவதென்றால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், அது சட்டம். அந்த ஊவே பயிற்சி நடக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனை "கறி" என்று கூப்பிட்டு, தன் பகிடிக்குத் தானே வயிறு குலுங்கச் சிரிப்பான். ஆண்டுகள் போயும் பகிடி மாறவில்லை. புதுப் பகிடி ஒன்றைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அந்த மண்டைக்குள் இடமில்லை என்று லோறன்ஸ் முடிவு கட்டிவிட்டான். ஹெல்முற் அணிவகுப்பு, பதக்கம், பியர் என்றால் முன்னுக்கு நிற்பார். நெருப்பென்றால் வண்டிக்குள் இருந்து கட்டளை இடுவார். இவர்களோடுதான் லோறன்ஸ் எரிந்த களஞ்சியங்களுக்குள்ளும், கவிழ்ந்த கார்களுக்குள்ளும், வெள்ளம் நின்ற நிலவறைகளுக்குள்ளும் புகுந்து வந்தான்.

வீட்டில் மனைவி கொறற்றியின் பாட்டு வேறு. "இஞ்சேருங்கோ, கருகின பிளாஸ்ரிக் மணக்குது. உள்ள வராதேங்கோ, முதல்ல குளியுங்கோ." அவன் எத்தனை முறை குளித்தாலும் அந்த மணம் போவதில்லை. தலையணையில் மணக்கிறது, திரைச்சீலையில் மணக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு மற்றப் பெண்கள் தங்கள் கணவன்மாரின் கடை, கார், பதவி உயர்வு பற்றிப் பேசும்போது கொறற்றி பேச்சை மாற்றிவிடுவாள்.

லோறன்ஸுக்கு உள்ளே ஓர் ஆசை இருந்தது. ஒளிப்பானேன், சொல்லிவிடலாம். இவனும் ஒரு மனிதன், இவன் செய்வதும் ஒரு வேலை என்று தன்னுடைய சனம் ஒருநாள் சொல்ல வேண்டும். ஜெர்மன்காரன் சொல்லத் தேவையில்லை, தமிழன் சொல்ல வேண்டும். அந்த ஆசை வெட்கம் கெட்டது என்று தெரிந்தும் அவனால் அதை விட முடியவில்லை.

அந்தச் சனத்தின் தலைவர் குணசேகரம். தமிழ் மன்றத்தின் நிரந்தரத் தலைவர். தேர்தல் வைத்தால் மனஸ்தாபம் வரும் என்று தேர்தலே வைக்காத பெருந்தன்மையாளர். அவருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு ஹோல்ற்பெக் மண்டபத்தை எடுத்தார். பிள்ளை பல்லக்கில் வர வேண்டும், காலடியில் மேகம் மிதக்க வேண்டும், அதற்குப் புகை மெசின் வேண்டும். புகை மெசின் என்றால் கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் றவுக்மெல்டர்கள் கூவும், படை வந்து நிற்கும். ஆகவே லோறன்ஸைக் கூப்பிட்டார்.

"லோறன்ஸ், நீர் உந்த நெருப்பு அணைக்கிற ஃபொயர்வேரில நிக்கிறனீர்தானே. எங்கட மண்டபத்தில மெல்டர் அடிச்சால் வராமல் இருக்கச் சொல்லும்."

"அப்பிடிச் செய்யேலாது அண்ணை. முறையா ஒரு அன்ராக், விண்ணப்பம் எழுதிப் போட்டால் மெல்டரை நிப்பாட்டலாம். அதுக்குப் பதிலா ரெண்டு படைக்காரர் மண்டபத்துக்குள்ள காவல் நிப்பினம். நானே வந்து நிக்கிறன்."

குணசேகரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ர பிள்ளையின்ர வீடியோவில ரெண்டு பேர் தலையில சட்டியைக் கவிட்டுக்கொண்டு நிக்கிறதோ? என்ன கதை கதைக்கிறீர்?"

பக்கத்தில் நின்ற சிவராம் சிரித்தான். எசன் வட்டாரத்தில் மணவறை, பல்லக்கு, மேகம் எல்லாம் அவன் பொறுப்பு. "அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ. அதுக்கு என்னட்டை வைத்தியம் இருக்கு," என்று சொல்லிப் பைக்குள் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். குளிக்கும்போது பெண்கள் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி. விளிம்பில் இலாஸ்டிக் இருப்பதால் றவுக்மெல்டரில் கச்சிதமாகக் கவ்விக்கொள்ளுமாம். எத்தனையோ கலியாணம் ஒப்பேற்றிவிட்டானாம்.

"அதைச் செய்யாதேங்கோ. சனம் சாகும்," என்றான் லோறன்ஸ்.

"நல்ல காரியம் பேசேக்க என்ன வாயப்பா உமக்கு?" என்று குணசேகரம் எழுந்துவிட்டார். போகும்போது, இப்படி வாய் உள்ளவர்கள் விழாவுக்கு வராமல் இருப்பதே நல்லது என்றும் சொன்னார். கொறற்றி மட்டும் போனாள். போகாவிட்டால் கதைப்பார்களே என்ற பயம் அவளுக்கு.

விழா சனிக்கிழமை மத்தியானம். பல்லக்கு வந்தது, மேகம் மிதந்தது, வீடியோக்காரன் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தான். அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் அறையில், யாரோ அணைக்காமல் விட்டுப்போன தலைமயிரைச் சூட்டில் நேராக்கும் கருவி, சிவராமின் பிளாஸ்டிக் பூக்கூடைக்குள் விழுந்து கிடந்தது. கூடை எரிந்தது, அலங்காரத் துணிகள் எரிந்தன. கூரையில் இருந்த மெல்டர் தலையில் தொப்பியோடு பேசாமல் இருந்தது. மேடையின் பக்கத்தால் கறுப்பாகப் புகை வந்தது.

சனம் கைதட்டியது. கதையல்ல, உண்மையாகவே கைதட்டியது. இம்முறை சிவராம் கறுத்த மேகமும் போட்டிருக்கிறான் என்று மெச்சினார்கள். வீடியோக்காரன், "விடுங்கோ, நல்லா இருக்கு, இன்னும் விடுங்கோ," என்று கத்தினான். அத்தனை பட்டதாரிகள், கடைக்காரர்கள், மன்ற நிர்வாகிகள் இருந்த மண்டபத்தில் ஒருத்திக்கு மட்டுமே அது மேகமில்லை என்று விளங்கியது. கொறற்றி மூக்கை உறிஞ்சினாள். அவளுடைய தலையணையில் மணக்கும் அதே மணம். எழுந்து நின்று, "நெருப்பு! வெளியில போங்கோ!" என்று குழறிக்கொண்டே தொலைபேசியை எடுத்தாள்.

படை வந்தபோது சனம் கார் தரிப்பிடத்தில் நின்றது. பட்டுச்சேலைகள், பல்லக்கு, கேக் எல்லாம் பத்திரமாக வெளியே வந்திருந்தன. சிவராம் ஏணி போட்டு, மண்டபத்துக்குள் இருந்த தொப்பிகளை எல்லாம் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான், கொறற்றி அதைக் கண்டாள். உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று ஹெல்முற் கேட்டார். ஒருவரும் இல்லை என்று குணசேகரம் அடித்துச் சொன்னார். அப்போதுதான் ஜெயமலர் என்ற பெண், "என்ர ஆதிரையைக் காணேல்லை!" என்று அலறினாள். தட்டு ஏந்தி வந்த சிறுபிள்ளைகளில் ஒருத்தி. தட்டில் பூ குறைவு என்று கோபித்துக்கொண்டு பின்பக்கம் போனவள்.

லோறன்ஸும் ஊவேயும் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தடவித் தவழ்ந்து, எரிகிற அறைக்குப் பக்கத்து அறையை அடைந்தார்கள். மேசைக்கு அடியில் சேலைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. ஊவே வெளிச்சத்தை அடித்து, ஜெர்மனில் வா வா என்று கத்தினான். பிள்ளை இன்னும் உள்ளே ஒடுங்கியது. உறுமி உறுமி மூச்சுவிடும், கண்ணாடி முகம் வைத்த ஒன்று வந்து கத்தினால் எந்தப் பிள்ளை வரும்? ஊவே எட்டிப் பிடிக்கப் போக, அவள் உதைத்தாள், பெட்டிகள் சரிந்து வழியை அடைத்தன.

லோறன்ஸ் ஊவேயைப் பின்னால் இழுத்துவிட்டுத் தரையோடு படுத்தான். "ஆதிரை, பயப்பிடாதேங்கோ குஞ்சு. நான் மாமா. அம்மா வெளியில நிக்கிறா. இஞ்சை, என்ர கையைப் பிடியுங்கோ."

பெட்டிகளுக்கு நடுவால் ஒரு சின்னக் கை வந்தது.

வெளியே கொண்டுவந்து கொடுத்ததும் அம்புலன்ஸ்காரர் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முகமூடியோடு நின்ற லோறன்ஸுக்கு இரண்டடி தள்ளி நின்று குணசேகரம் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான். எங்கட ஆக்கள் எண்டால் உள்ள போவாங்களோ?" லோறன்ஸ் அந்த முகமூடியை உடனே கழற்றவில்லை. கழற்றியிருந்தால் காறித் துப்பியிருப்பான்.

பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் மண்டபத்தில் ஏன் மெல்டர் அடிக்கவில்லை என்ற கேள்வி வந்தது. எரிந்த அறையில் இருந்தது உருகி வழிந்துவிட்டது, அதன் தலையில் என்ன இருந்ததென்று யாரும் அறிய முடியாது. பராமரிப்பாளன் ஊவே கவனிக்காமல் விட்டான் என்று பேசினார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்த ஊவே பகிடி எதுவும் விடவில்லை.

அடுத்த நாள் குணசேகரம், பின்னால் சிவராம் இனிப்புப் பெட்டி தூக்கி வர, லோறன்ஸின் வீட்டுக்கு முதல்முறையாக வந்தார்.

"உம்மை நாங்கள் சரியா மதிக்கேல்லை லோறன்ஸ். அது எங்கட பிழை," என்று தொடங்கினார். "மன்றத்தின்ர ஆண்டு விழாவில மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துறம். முழுச் சனத்துக்கும் முன்னால."

கொறற்றி சமையலறை வாசலில் நின்றாள்.

"ஆரும் கேட்டால் மெல்டர் முதலே பழுதெண்டு சொல்லும். படைக்காரன் நீர் சொன்னால் நம்புவாங்கள். எங்கட பேர் கெடக்கூடாது, பாரும்."

லோறன்ஸுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இத்தனை ஆண்டும் வேண்டிக்கிடந்தது வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விலை ஊவே. அந்த மண்டையனுக்காக இதை விடுவதா என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு, பிள்ளை உள்ளே இருக்கத் தொப்பி கழற்றப் போனவர்கள் கொடுக்கும் மரியாதையை நினைத்தான்.

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை," என்று அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே ஹெல்முற்றிடம் போய்த் தொப்பிக் கதையை முழுதும் சொன்னான். பொலிஸ்காரர் சிவராமின் பையைப் பார்த்தார்கள். மண்டபத்தில் கழற்றிய தொப்பிகள் புகைக்கரியோடு அப்படியே இருந்தன. ஊவே வேலைக்குத் திரும்பினான். மண்டபம் மன்றத்துக்கு இனி இல்லை என்றாகியது.

அதற்குப் பிறகு லோறன்ஸுக்கு ஒரு புதுப் பெயர் வந்தது: காட்டிக்கொடுத்தவன். நம் சனம் இந்தச் சொல்லைச் சும்மா சொல்வதில்லை. தமிழ்க் கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றது. ஆதிரையின் தாய் ஜெயமலர்கூட கடை வாசலில் கண்டும் காணாதவள் போல ஒதுங்கிப் போனாள்.

ஆண்டு விழா எசனில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. பொன்னாடை வாங்கியாகிவிட்டதே, யாருக்காவது போர்த்த வேண்டாமா? அதோடு ஹோல்ற்பெக்கில் மண்டபத்தைத் திரும்பப் பெறவும் ஒரு வழி வேண்டும். குணசேகரம் ஹெல்முற்றை அழைத்தார். ஹெல்முற் மேடை என்றால் விடாதவர், ஆனால் தமிழ் தெரியாது. லோறன்ஸையும் கொறற்றியையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நெருப்பென்றும் பாராமல் புகுந்து, எமது குழந்தையைக் காத்த கருணைக்கடல் இவர்!" என்று குணசேகரம் முழங்கினார். ஹெல்முற்றின் தோளில் பொன்னாடை ஏறியது. கைதட்டல். பிறகு ஆதிரையை மேடையில் ஏற்றி, ஒலிவாங்கியை அவளுடைய வாயருகே பிடித்தார். "சொல்லுங்கோ பிள்ளை, உங்களைக் காப்பாத்தின மாமாவுக்கு நன்றி சொல்லுங்கோ."

ஆதிரை ஹெல்முற்றை நிமிர்ந்து பார்த்தாள். "இவர் இல்லை. அந்த மாமா தமிழில கதைச்சவர்."

"பிள்ளை பயத்தில இருக்குது," என்று குணசேகரம் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். யாரோ அவசரமாகக் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ஹெல்முற் மேடையோரம் நின்ற லோறன்ஸிடம், பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார். லோறன்ஸ் உள்ளபடி சொன்னான். ஹெல்முற்றைப் பற்றிக் குணசேகரம் முழங்கியதையும் ஒரு சொல் விடாமல் சொன்னான்.

ஹெல்முற்றின் கழுத்து சிவந்தது. எவ்வளவு பதக்கப் பைத்தியம் ஆனாலும், வண்டிக்குள் இருந்ததற்குப் பரிசு வாங்கும் அளவுக்கு அந்த மனிதர் கெட்டுப்போகவில்லை. லோறன்ஸை மேடைக்கு இழுத்து, பொன்னாடையைக் கழற்றி அவனுடைய தோளில் போடப் போனார். முழுச் சனமும் பார்த்துக்கொண்டிருந்தது.

லோறன்ஸ் கையால் தடுத்தான். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, குணசேகரத்தின் பக்கம் திரும்பினான்.

"வேண்டாம் அண்ணை. இது பொலியெஸ்டர். நெருப்புப் பிடிச்சால் தோலோட ஒட்டி உருகும். எங்கட படையில இதைப் போட விடமாட்டினம்."

ஒலிவாங்கி அணைக்கப்படாமல் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. லோறன்ஸ் படியிறங்கி வந்தான். கொறற்றி இரண்டு பேருடைய ஜக்கெற்றையும் கையில் எடுத்துக்கொண்டு ஏற்கனவே எழுந்து நின்றாள்.