வார்டு தொடங்குமுன் கொட்டாஞ்சேனைக்கு

காலை 5.40. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து காலி வீதிக்கு நாலு நிமிட நடை. அங்கிருந்து மருதானைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். மருத்துவக் கல்லூரியில் என் வகுப்பில் கார் உள்ளவர்கள் ஏழரைக்குப் புறப்பட்டு எட்டு மணி வார்டுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு 155ஆம் இலக்க பஸ்தான். யுத்தகாலத்தில் அது எவ்வழியால் போகும் என்பது அன்றைக்கு எந்த வீதி மூடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாறிய வழியை நடத்துனர் சிங்களத்தில் அறிவிப்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குச் சிங்களம் நாற்பது சொல்லுக்கு மேல் தெரியாது. வார்டுப் பயிற்சி தொடங்கி மூன்றாவது வாரம். அன்று எட்டு மணிக்கு ஒரு நோயாளியைப் பேராசிரியருக்கு முன்னால் விவரித்துச் சொல்லவேண்டும்; அதுதான் பரீட்சை. தமிழ் கதைப்பார் என்பதற்காகவே சவரிமுத்துவைத் தெரிந்தெடுத்திருந்தேன். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் வேலை, இருதய வால்வு பழுது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

6.35. சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் பையிலிருந்து முழங்காலில் தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியலை எடுத்து, இது என்ன என்று சிப்பாய் கேட்டார். சொல்லத் தெரியாமல் என் முழங்காலிலேயே தட்டிக் காட்டினேன். கால் அசையவில்லை. அவர் என் யாழ்ப்பாண முகவரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போகச் சொன்னார்.

7.05. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால், எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி சவரிமுத்து நிற்கிறார். நோயாளி போய்விட்டால் என் பரீட்சை போய்விடும் என்பதுதான் முதலில் தோன்றியது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

விடியற்காலை கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பாம். அவருடைய மகன் ரொபினைக் கொட்டாஞ்சேனைப் பொலிஸுக்குப் பிடித்துப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லியிருக்கிறார். முதல்நாள் மாலை அப்பாவைப் பார்க்க வந்த ரொபின் தன் அடையாள அட்டையை அவருடைய பையிலேயே மறந்து விட்டுப் போயிருந்தான். அதைக் கொடுக்கத்தான் இந்த மனிதர், நீலம் பாரித்த உதடுகளோடு, புறப்பட்டிருக்கிறார்.

"நீங்கள் வார்டுக்குப் போங்கோ ஐயா. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்," என்றேன்.

"மிஸ்ஸுக்கு எடம் தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரியாது. வரைபடத்தில் நாலு கிலோமீற்றர். எட்டுக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

7.20. மீண்டும் 155. டிக்கெட் மூன்று ரூபாய். ஒரு கோயில் மணிக்கூட்டைக் கண்டு, இதுதான் கொட்டாஞ்சேனை என்று எண்ணி ஒரு நிறுத்தம் முந்தி இறங்கிவிட்டேன். வந்த வழியாலேயே திரும்பி நடந்து, ஒரு பேக்கரிக்காரரிடம் கேட்டு, அவர் காட்டிய திசைக்கு எதிர்த் திசையில் போய், கடைசியில் முச்சக்கரவண்டி பிடித்தேன். அது இரண்டு திருப்பம் திரும்பி நின்றது. முப்பது ரூபாய்.

8.10. பொலிஸ் வாசலில் பெண்கள் கூட்டம். கையிலிருந்த வெள்ளைக் கோட்டைக் கண்டு காவலர் என்னை உள்ளே விட்டார். மேசையில் இருந்த அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாத்தா கோ?"

'கோ' என்றால் எங்கே. எங்கள் வீட்டில் அம்மாவின் அப்பாவைத்தான் தாத்தா என்போம். என் தாத்தாவை இவர் ஏன் விசாரிக்கிறார் என்று குழம்பினேன். ஒருவேளை என் யாழ்ப்பாண முகவரியில் வீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறாரோ? உள்ளதைச் சொன்னேன்.

"மெறுணா." இறந்துவிட்டார்.

எங்கே என்று கேட்டார். "இஸ்பிரிதாலே," என்றேன். ஆஸ்பத்திரியில். அதுவும் உண்மைதான்.

அதிகாரி வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். குரல் தணிந்துபோயிற்று. எனக்கு ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடத்தில் ரொபின் வெளியே வந்தான். அதிகாரி அவனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லி, தோளைத் தட்டி அனுப்பினார். இவ்வளவு இலகுவா என்று எனக்கு வியப்பு.

வாசலைத் தாண்டியதும் அவன் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தன மணிக்கு, மிஸ்?"

"என்ன எத்தனை மணிக்கு?"

"அப்பா."

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. நாற்பது சொல்லில் அதுவும் ஒன்று. பயத்தில் தமிழ்தான் முன்னுக்கு வந்திருந்தது. உள்ளே திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது. திருத்தினால் அவனை மறுபடி உள்ளே இருத்துவார்களோ, என்னையும் சேர்த்தோ? அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

"அப்பா உயிரோட இருக்கிறார். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அப்ப பொலிஸ்காரர் ஏன் மன்னிப்புக் கேட்டாரு?"

8.55. பஸ்ஸில் மூன்று தடவை விளக்கினேன். என் தாத்தா, அவனுடைய தாத்தா, இரண்டு மொழி. சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றே அவன் எண்ணினான். கண்ணைத் துடைக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காலையில் விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி சவரிமுத்து மூச்சு வாங்கி நின்ற விதம் நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு மணி நேரத்தில் உண்மையாகவே ஏதும் நடந்திருந்தால்?

9.35. ரொபின் படிகளில் ஓடினான். நான் பின்னால் ஓடினேன். சவரிமுத்து கட்டிலில் சாய்ந்து பாண் தின்றுகொண்டிருந்தார். மகன் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்து அழுததைக் கண்டு, பொலிஸில் அடித்துவிட்டார்களா என்று பதறினார்.

பேராசிரியர் அப்போதும் வார்டில்தான் இருந்தார். நோயாளி வந்திருக்க மாணவி வராதது இதுவே முதல் தடவை என்றார். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, நான் முடித்திருந்த இரண்டு வார வார்டுப் பயிற்சியையும் திரும்பச் செய்யச் சொன்னார். தண்டனையா, இரக்கமா, எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்பதாம் நாள் சவரிமுத்துவை வீட்டுக்கு விட்டார்கள். தான் செத்துப் பிழைத்த கதையை அதற்குள் வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தார். ரொபின் மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வாறேன் மிஸ்," என்று தலைகுனிந்தபடி போனான்.

ஊரில் நான் சைக்கிளில்தான் எங்கும் போய் வந்தேன். வழி தவறினால் யாராவது தமிழில் ஏசித் திருப்பிவிடுவார்கள். கொழும்பில் வழி தவறியதில் ஒருவன் விடுதலையானான். அதே ஒருவன், வெயிலேறிய பஸ்ஸில் நாற்பது நிமிடம், தகப்பனில்லாதவனாக என் பக்கத்தில் இருந்தான். நான் அன்று சரியாகச் சிங்களம் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பேசியிருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.