மீன் பெட்டி ஐஸும் பனி நிலவும்

"வேற்றுக்கோளின் பனி நிலவில், பனிக்கு அடியிலுள்ள கடலில் எவரும் கண்டிராத உயிரை, விண்கலத்தின் மூலக்கூறு உணரி எவ்வாறு கண்டறியும்?" கல்முனையில் நடந்த விவாத இறுதிச் சுற்றில் எதிரணித் தலைவர் வினவினார். அவை அவர் பக்கம் சாய்ந்தது. விடை தேடியபடி தண்ணீர்க் குவளையை எடுத்தேன், ஐஸ் கிணுகிணுத்தது.

சிறுவயது நோன்பு மாலையொன்று நினைவில் விரிந்தது. சர்பத்துக்கென வாப்பா சந்தையிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்தார். உம்மா முகர்ந்து பார்த்தார்.

"இது மீன் பெட்டிக்குள்ள கிடந்த ஐஸ்."

"மீன் எங்க புள்ள? காட்டு பாப்பம்!" என்றார் வாப்பா.

"மீன் போயிட்டு. மணம் போகல்லயே!"

அன்று ஐஸ் இல்லாத சர்பத்தில்தான் நோன்பு திறந்தோம்.

எழுந்து, உம்மாவின் விடையையே முழங்கினேன்: "உயிர் ஆழ்கடலில் ஒளிந்திருக்கலாம், அது பனியில் விட்டுச்சென்ற மூலக்கூறு காட்டிக்கொடுத்துவிடும்!"

முதலில் கைதட்டியவர், முன்வரிசையில் இருந்த வாப்பா.