காரமடை எந்த நாடு?

கோவையில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் பெட்டியைப் பொருத்தினால் செல்போனிலேயே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். போனுக்கும் பெட்டிக்கும் நடுவே போகும் தகவலில் அடுத்தவர் கைவைக்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டுவது என் பொறுப்பு.

முதன்முதலாக ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. பெட்டிகளைக் கட்டி அடுக்கிய பிறகு ஏற்றுமதி ஏஜென்ட் கூப்பிட்டார். குறியாக்கம் உள்ள பொருள் என்றால் அந்த நாட்டு அரசிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். ஒரு காலத்தில் சில நாடுகள் அதை ஆயுதப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தன என்று நான் சொன்னதும் முதலாளி பதறிவிட்டார்.

“தண்ணி எறைக்கற மோட்டாருக்கு எதுக்குங்க அம்மணி ரகசியமெல்லாம்? எடுத்துப்போட்டு அனுப்பீரலாமுங்க.”

“எடுத்துட்டா யாரு வேணாலும் மோட்டாரப் போடலாமுங்ணா. வெள்ளகோவில்ல நடந்தது மறந்துபோச்சுங்களா?”

அங்கே பூட்டில்லாத சோதனைப் பெட்டி ஒன்று பக்கத்துத் தோட்டத்துக்காரரின் போனுக்கும் கட்டுப்பட்டு, ஒரே மத்தியானத்தில் முருங்கைக் காட்டைக் குளமாக்கியிருந்தது. முதலாளி சிரித்துவிட்டார்.

அனுமதிப் படிவத்தில் ‘குறியாக்கம் உருவான நாடு’ என்றொரு கட்டம். அதில் திகைத்துப்போனேன். முறையை வகுத்தவர்கள் பெல்ஜியம்காரர்கள் இருவர். நாங்கள் பயன்படுத்தும் நிரலோ, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்தது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதியது. எங்கள் சிப்பில் அது தடுமாறியபோது நானும் நாலு வரி திருத்தி அனுப்பியிருந்தேன். நிரலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான ஜப்பான் பெண் என் வரிகளில் இருந்த பிசகைப் பொறுமையாகச் சுட்டிக்காட்டி, சரிசெய்ததும் சேர்த்துக்கொண்டார். எழுதியவர்கள் பட்டியலில் சிலர் நாட்டைப் போட்டிருந்தார்கள், சிலர் ஊரை. அதை அப்படியே இணைத்து அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, காரமடை எந்த நாடுன்னு அங்கிருந்து கேக்கறாங்க. மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்குதுன்னு எப்படிங்க சொல்றது?”

“அது நாந்தானுங்க. எங்கூர எழுதிப்போட்டேன்.”

முதலாளி போனை வாங்கிக்கொண்டார். “இந்தியான்னு பெருசா எழுதுங்க! நம்ம அம்மணி எழுதுனதும் அதுல இருக்குதுங்க!”

நிரல் எல்லோரும் பார்க்கும்படி இருந்ததால் வேறு கேள்வி வரவில்லை. அனுமதி கிடைத்து, பெட்டிகள் கப்பலேறின.

பிறகொரு நாள் அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. சோளக்காட்டு வரப்பில் நின்ற பெண் போனை அழுத்துகிறார். குழாயில் தண்ணீர் சீறி வர, துள்ளிக் குதித்துக் கத்துகிறார். முதலாளி அதை வாட்ச்மேன் வரைக்கும் காட்டினார். நான் நிரல் எழுதியவர்களின் குழுவுக்கு அனுப்பிவைத்தேன். வந்த பதில்களைப் படித்துக்கொண்டிருந்ததில் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.